ஊருணிக்கு ஓட்டை போட்ட செயலாளர்

ஊர் நலச்சங்கத்துச் செயலாளர் வேலை என்பது சம்பளம் கிடையாத, லீவு கிடையாத, ராஜினாமாக் கடிதம் கொடுத்தாலும் அதையும் நாமேதான் ஃபைலில் கோத்து வைக்கவேண்டிய உத்தியோகம்.

சட்டைப்பையில் சங்கத்து ரப்பர் ஸ்டாம்ப்பைப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில்கூட நிம்மதியாகப் பந்தியில் உட்கார முடியாமல் திரிகிற செயலாளர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு, "அப்பாடா, நம்மளவிட மோசமா ஒருத்தன் இருக்கான்" என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. மானாவாரிப் பூமி. பருத்தி, மக்காச்சோளம், உளுந்து. மிச்சம் கிடக்கிற இடமெல்லாம் வேலிக்கருவை. எனக்கும் கொஞ்சம் கரிசக்காடு உண்டு. பள்ளிக்கூடத்தில் கையெழுத்து அழகாக இருந்த ஒரே குற்றத்துக்காக, சங்கம் ஆரம்பித்த அன்றைக்கே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அன்றோடு என் பெயரும் போயிற்று. என் மனைவிகூடக் கோபம் வந்தால் "செயலாளரே" என்றுதான் கூப்பிடுகிறாள்.

நல்லது சேர், துட்டி சேர்

பெரிய லட்சியத்தோடெல்லாம் சங்கம் ஆரம்பிக்கவில்லை. சேர் வாங்கத்தான் ஆரம்பித்தோம். வீட்டுக்கு வீடு கொஞ்சம் போட்டு பிளாஸ்டிக் சேர், சமையல் அண்டா, பந்தல் துணி எல்லாம் வாங்கி ஒரு கொட்டகையில் அடுக்கினோம். யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதமே வினை வந்தது. துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போய்வந்த சேரைக் கல்யாண வீட்டில் போடக்கூடாது என்று ஊரே மல்லுக்கு நின்றது.

உடனே செயலாளர் மூளை வேலை செய்தது. பாதிச் சேருக்கு அடியில் சிவப்பு பெயிண்ட் பொட்டு, பாதிக்குக் கறுப்புப் பொட்டு. சிவப்பு நல்லதுக்கு, கறுப்பு துட்டிக்கு. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஆனால் அடுக்கும்போது இரண்டையும் ஒன்றாக அடுக்கிவிட்டேன். பொட்டு அடியில் இருப்பதால் அடுக்கினால் தெரியாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பஞ்சவர்ணம் மதினி மகளுக்கு நிச்சயதார்த்தம். மதினி எங்கள் சங்கத்துப் பொருளாளர். எனக்கு அண்ணன் முறைக்காரரின் மனைவி. மாப்பிள்ளை பக்கத்து ஊர். மாப்பிள்ளையின் அப்பா நடுவில் கம்பீரமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் சேருக்கு அடியில் ஒரு தம்ளர் உருண்டுபோக, அதை எடுக்கக் குனிந்த மதினி அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்து நேராக என்னிடம் வந்து, சிரித்த முகம் மாறாமல் காதோடு சொன்னார்: "கொழுந்தனாரே, சம்பந்தகாரரத் துட்டி சேர்ல உக்கார வச்சிருக்கீக. அவுகளா எந்திரிக்கிற வரைக்கும் நீங்க வாயத் தொறந்தீக, அடுத்த துட்டி உங்க வீட்லதான்!"

மண்டபமா ஊருணியா

சேரையும் அண்டாவையும் வைத்தே சங்கத்துக்கு நல்ல பேர் வந்துவிட்டது. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களுக்குத் தையல் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கையை நீட்டினோம். அதைக் கேள்விப்பட்டு மதுரையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் கள அலுவலர் அம்மா ஒருவரை அனுப்பியது. ஊரார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஊருக்கு எது முக்கியத் தேவை என்று முடிவு செய்ய வேண்டும், அதற்கு அவர்கள் உதவுவார்கள் என்றார்.

தெருவில் கோலமாவால் ஊரையே வரைந்தோம். ரோடு, தெருவிளக்கு, சமுதாயக்கூடம், ஊருணி என்று ஆளுக்கொரு வட்டம். வேண்டியதில் ஆளுக்கு ஒரு தானிய மணி போட வேண்டும். எனக்குச் சமுதாயக்கூடத்தில் ஆசை. கூடம் கட்டினால் கல்வெட்டு வைப்பார்கள், கல்வெட்டு வைத்தால் செயலாளர் பெயர் போடுவார்கள். வாசகம்கூட எழுதி வைத்துவிட்டேன். முந்தின நாளே ஆம்பளைகளிடம் வீடுவீடாகப் போய்ப் பேசி, என் வீட்டு மக்காச்சோள மணியையே ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்திருந்தேன். பஞ்சவர்ணம் மதினி அதைத் தொடவில்லை. பெண்களுக்கென்று தனியாகப் புளியங்கொட்டை கொண்டுவந்துவிட்டார்.

மணி போடுவதற்கு முன்னால் மதினி பேசினார். எங்கள் ஊர் போர்த் தண்ணி உப்பு; வாயில் வைக்க முடியாது. குழாய்த் தண்ணி வருகிற நாளைக் குழாயே அறியாது. ஊருணி மேடிட்டுக் கருவை மண்டிக் கிடக்கிறது. அதனால் எங்கள் பெண்கள் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊர் ஊருணிக்குப் போகிறார்கள். அது மதினியின் மகள் வாக்கப்பட்ட ஊர். "சம்பந்தி வீட்டுக்குச் சீரும் பலகாரமும் கொண்டு போகணும். நான் தெனமும் காலிக்குடம் கொண்டு போறேன். என் மக மூஞ்சியப் பாக்க முடியல" என்றார். அந்த ஊரிலும் அவர்களுக்கே தண்ணீர் போதவில்லை. வருகிற தை மாதத்தோடு வெளியூர்க் குடத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஐப்பசி மழைக்கு முன்னால் நம் ஊருணியைத் தூர் வாராவிட்டால் கோடைக்கு எங்கே போவது? கோலத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஊருணி வட்டத்தையே பார்த்தார்கள். நான் மட்டும் கல்வெட்டில் இனிஷியல் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மணி போட்டு முடித்து எல்லாரும் டீ குடிக்கத் திரும்பிய நேரத்தில் ஊர்க்கோழி பூராவும் சமுதாயக்கூடத்தில் கூடிவிட்டது. ஒரு சோளம் மிச்சமில்லை. புளியங்கொட்டையைக் கோழி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஊருணி அப்படியே இருந்தது. கோழி வராவிட்டாலும் ஊருணிதான் ஜெயித்திருக்கும், மேலத்தெரு ஆம்பளைகளே மனசு மாறி, மதினியிடம் புளியங்கொட்டை வாங்கி அதில்தான் போட்டார்கள் என்று அப்புறம் தெரிந்தது. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து மதினி சொன்னார்: "வருத்தப்படாதீக கொழுந்தனாரே. உங்க மண்டபம் ஒரு சீவனுக்காச்சும் பிரயோசனப்பட்டுச்சுல்ல!"

ஆறு பக்க மனு

ஊருணியில் கை வைக்க அரசாங்க ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். மனு எழுதும் வேலை என்றால் எனக்குச் சர்க்கரைப் பொங்கல். ஊரின் பெருமை, முன்னோர் சிறப்பு, நீரின் மகிமை, என் சமூகத் தொண்டு எல்லாவற்றையும் அடுக்கி ஆறு பக்கம் எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

ஆபீஸில் இருந்த எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதல் பக்கம் படித்தார். இரண்டாம் பக்கம் படித்தார். மூன்றாம் பக்கத்தில் தண்ணீர் குடித்தார். கடைசியில் மனுவை என் பக்கம் திருப்பி வைத்து ரொம்பத் தன்மையாகக் கேட்டார்: "ஐயா, கையெழுத்து முத்து முத்தா இருக்கு. இதுல ஊருணி எத்தனாவது பக்கத்துல வருது?"

நிறுத்தச் சொன்ன டிரைவர்

அனுமதி வந்தது. தொண்டு நிறுவனம் ஜேசிபிக்கு ஏற்பாடு செய்தது. பாளையம்பட்டியிலிருந்து முருகேசன் என்ற டிரைவர் வண்டியோடு வந்தார். ஊரே திரண்டு கருவையை வெட்டியது. ஆவணியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. நான் தலையில் துண்டு கட்டி, கையில் ஒரு கம்போடு கரையில் நின்று மேற்பார்வை பார்த்தேன். கம்பு எதற்கு என்று எனக்கே தெரியாது. வெறுங்கையோடு நின்றால் மேற்பார்வை மாதிரித் தெரியாது என்று வைத்துக்கொண்டேன்.

தூர் வாரியாயிற்று. மேட்டு மண் போய் அடியில் இருந்த கறுப்புக் களி தெரிந்தது. நியாயமாக அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் ஒரு சனியன் உட்கார்ந்திருந்தது. பக்கத்து ஊர் ஊருணியை நான் ஏற்கெனவே போய்க் கயிறு போட்டு அளந்து வந்திருந்தேன். அதைவிட ஒரு ஆளுயரமாவது நம்முடையது ஆழமாக இருக்க வேண்டாமா? தோண்டு என்றேன். கொஞ்ச நேரத்தில் முருகேசன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். களி முடிந்துவிட்டது, கீழே வெள்ளையாகச் சுக்கான் மண் பொலபொலவென்று வருகிறது, இது தண்ணி பிடிக்காது, போதும் என்றார்.

"ஆழம் கூடக் கூடத்தான்யா தண்ணி கூடும்" என்று நான் அவருக்கு விளக்கம் வேறு சொன்னேன். இருபது வருஷமாக மண்ணைத் தோண்டுகிற மனுஷனிடம்! அவர் என்னையும் என் கம்பையும் ஒரு பார்வை பார்த்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகுவதற்கு முன்னால் சொன்னார்: "தோண்டச் சொன்னா தோண்டுறேண்ணே. நாளப்பின்ன ஊர்ல கேட்டா டிரைவரு பேரச் சொல்லாதீக."

மூன்றாம் நாள்

புரட்டாசி முதல் வாரம் ஒரு நல்ல மழை. ஓடைத் தண்ணீர் வந்து ஊருணியில் முழங்கால் அளவு நின்றது. நான் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. தேங்காய் உடைத்தேன். கரையில் நின்று, படியில் நின்று, தண்ணீரைக் கையில் அள்ளிக்கொண்டு என்று விதவிதமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டேன். மல்லாங்கிணறில் இருக்கிற என் மச்சினன் கைகூப்புகிற பொம்மை அனுப்பினார். பஞ்சவர்ணம் மதினி படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. வெயில் என்றேன். மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால் அடியில் வெள்ளைச் சுக்கான் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கிறது. ஒரு சொட்டு இல்லை. தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிற களியை நானே சுரண்டி எடுத்துக் கரையில் கொட்டிவிட்டேன். தூர்ந்து கிடந்த காலத்தில்கூட மழைக்கு நாலு நாள் தண்ணீர் நிற்கும். என் தலைமையில் அதுவும் போயிற்று.

மதினி தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கி, பக்கத்து ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை. "அந்தப் போட்டோவ அழிச்சிராதீக கொழுந்தனாரே. நம்மூரு ஊருணித் தண்ணிய இனிமே அதுலதான் பாக்கணும்."

பழி போட ஆள் தேடிய கதை

அடுத்த நாலு நாள் நான் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. செயலாளர்களுக்கு மட்டும் சொல்கிறேன். முதலில் ஓடை வாட்டம் சரியில்லை என்றேன். அப்புறம் அந்தக் கள அலுவலர் அம்மா சரியாக வழிகாட்டவில்லை என்றேன். டீக்கடையில் ஒருத்தர் "டிரைவரு கூடத் தோண்டிட்டாரோ?" என்று கேட்டபோது, ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் டீயை உறிஞ்சினேன். அன்று ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதுவும் நாலு பக்கம் வந்தது.

கடிதத்தை என் மனைவி வாசித்துப் பார்த்தாள். அதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். நான் தேடினேன். உண்மையாகவே எங்கேயும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, கடிதத்தை எடுக்காமல், "டிரைவரு நிப்பாட்டச் சொன்னாரு. நான்தான் தோண்டச் சொன்னேன். வீம்புக்குத் தோண்டச் சொன்னேன்" என்றேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன், திட்டினார்கள். நன்றாகவே திட்டினார்கள். முடித்த பிறகு, சரி, இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டார்கள்.

நான் முருகேசனுக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர், கரையில் கொட்டிய களி மேட்டு மண்ணோடு கலந்து வீணாகிவிட்டது, கண்மாயில் களியாகப் படிந்திருக்கிற கரம்பை மண்ணை அள்ளி வந்து அடியில் மெத்தையாகப் போட்டு, ஈரத்தோடு நன்றாக மிதித்து இறுக்கினால் தண்ணீர் நிற்கும் என்றார். அனுமதிக்கு இந்த முறை நாலே வரியில் மனு எழுதினேன், சீக்கிரமே கிடைத்தது. கரம்பையை அள்ளிப் போட அவரே வண்டியோடு வந்தார். நான் ஆர்வமாகக் கரைக்குப் போனேன். அவர் வண்டியை விட்டு இறங்கி என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "அண்ணே, நீங்க டீக்கடையில உக்காருங்க. வேலை முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

ஊருணிக்குள் கும்மி

கரம்பை போட்டாயிற்று, மிதிப்பது யார்? ரோலரை இறக்கினால் களியில் புதைந்துவிடும். ஆட்டுக்கிடை போட்டால் ஆடே மிதித்துவிடும் என்று ஒருத்தர் யோசனை சொன்னார். "நாளைக்கு அந்தத் தண்ணியக் குடிக்கப்போறது யாரு, நீரா?" என்று பெண்கள் பாய்ந்ததில் அவர் எழுந்தே போய்விட்டார். அப்போதுதான் பஞ்சவர்ணம் மதினி கேட்டார், அம்மன் கோயில் முளைப்பாரிக்கு எப்படியும் தினமும் சாயங்காலம் கும்மி கொட்டத்தான் போகிறோம், அதைக் கோயில் வாசலில் கொட்டாமல் ஊருணிக்குள் கொட்டினால் என்ன என்று. பூசாரி தயங்கினார். அம்மன் முன்னால் பூக் கட்டிப் போட்டுப் பார்த்தோம். சம்மதத்துக்கு உண்டான வெள்ளைப் பூ வந்தது.

கால் கழுவிவிட்டு இறங்க வேண்டும் என்பது ஒன்றுதான் சட்டம். நடுவில் பெண்கள் வட்டம் கட்டிக் கும்மி கொட்டினார்கள், வெளிவட்டத்தில் ஆம்பளைகள். செயலாளர் என்பதால் என்னைப் பெண்கள் வட்டத்துக்குப் பக்கத்திலேயே போட்டார்கள். எல்லாரும் வலது கால் வைத்தால் நான் இடது கால் வைத்தேன். குனிகிறபோது நிமிர்ந்தேன். என்னால் இரண்டு முறை வட்டம் அறுந்தது. ஆனால் ஒரு குத்துக் கரம்பைகூட இளக்கமாக இருக்கக்கூடாது என்று வெறியோடு மிதித்தேன். ஐப்பசி நெருங்கிவிட்டது, இது நிற்காவிட்டால் மதினி முகத்தில் நான் முழிக்கவே முடியாது.

ஐந்தாம் நாள் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மதினியின் மகள், மாமியார் தெய்வானையோடும் அந்த ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரோடும் இறங்கினாள். தண்ணி கிடையாது என்று சொன்ன ஊர்! அழைப்பு இல்லாமலே வந்து, காலைக் கழுவிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஊருணிக்குள் இறங்கிவிட்டார்கள். மதினிக்குக் கை ஓடவில்லை. அதையே பார்த்துக்கொண்டு தாளம் தப்பிய நான், வழுக்கி, மல்லாக்க விழுந்தேன். ஓட்டை விழுந்த நாளிலிருந்து சிரிக்காத ஊர் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தது. தெய்வானை அம்மா கும்மியை நிறுத்தாமலே என்னைப் பார்த்துச் சொன்னார்: "எந்திரிக்காதீகண்ணே, அப்படியே உருளுங்க. உங்க எடைக்கு அந்த இடம் நல்லா அமுங்கும்!"

வெறுங்கையோடு

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. ஊருணியில் இடுப்பளவு தண்ணீர். இந்த முறை தேங்காய் உடைக்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. மதினி ஒரு கம்பை நட்டு, தண்ணீர் நின்ற இடத்தில் நூல் கட்டிவிட்டார். அன்று சாயங்காலமே போய்ப் பார்த்தேன்; நூல் நனைந்திருந்தது. இரண்டாம் நாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் போகவே பயம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு காய்ச்சல் என்றேன். மதினி வீட்டுக்கே வந்து, "காய்ச்சலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, எந்திரிங்க" என்று என்னைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கம்பில் நூல் இருந்த இடத்திலேயே தண்ணீர் இருந்தது. ஒரு விரல்கூட இறங்கவில்லை. நான் அழுதுவிட்டேன். சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

கார்த்திகையில் தெய்வானை அம்மா ஊருணியைப் பார்க்க வந்தார். மதினி குடத்தில் மொண்டு, தேத்தாங்கொட்டை இழைத்துத் தெளியவைத்த தண்ணீரை அவருக்குக் கொடுத்தார். அவர் குடித்து, நல்ல ருசி என்று இன்னொரு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே, "என்ன மதினி, இனிமே எங்க ஊருப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டீகளோ?" என்று கேட்டார். பஞ்சவர்ணம் மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வராம என்ன மதினி? நாளைக்கே வாரேன். குடமில்லாம வாரேன். வெயில்ல நடந்து வந்திருக்கேன்னு சொல்வேன், நீங்கதான் செம்புல தண்ணி மொண்டு தரணும்."

ஊருக்கு நல்லது செய்ய ஒரு செயலாளர் போதும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த ஒருத்தன் செய்த நல்லதைச் சரிக்கட்ட இரண்டு ஊர் வேண்டியிருந்தது.